வீட்டுக்காரர் இல்லாத வளவு

"உள்ளே வந்து பாருங்க சார், புது வீடு மாதிரி இருக்கும்."

மதுரை கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ சொக்கிகுளத்திலோ பழைய அப்பார்ட்மெண்ட் ஒன்றில் சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட் பார்க்கப் போகிறவர், படியேறும்போதே இந்த வாசகத்தைக் கேட்டுவிடுவார். புரோக்கர் பொய் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் வெள்ளை டைல்ஸ் பளபளக்கிறது. சமையலறையில் மாடுலர் கப்போர்டு. மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மஞ்சள் விளக்கு. குளியலறைக் குழாயில் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பார்த்தவர் மனசு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறது.

புரோக்கர் சொன்னதில் 'மாதிரி' என்ற சொல்லைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வீடு புதிது, கட்டிடத்துக்கு இருபத்தைந்து, முப்பது வயது. புதுப்பித்தது நான்கு சுவர்களுக்கு உள்ளே. வாங்குகிறவர் காசு கொடுக்கும் சரக்கில் பெரும்பகுதியோ அந்தச் சுவர்களுக்கு வெளியே கிடக்கிறது: மண், மொட்டை மாடி, தூண், தண்ணீர்த் தொட்டி, அக்கம்பக்கத்தார். அவற்றை யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள்.

மதுரைக்காரருக்கு இதை விளக்க வெளியூர்ச் சொல் எதுவும் தேவையில்லை. நம்மிடம் 'வளவு' இருக்கிறது. மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் ஒரே தலைவாசல், நடுவில் முற்றம், சுற்றிலும் ஆறேழு குடித்தனம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கக்கூஸ். சிலர் 'காம்பவுண்டு வீடு' என்பார்கள். யார் எப்போது தண்ணீர் பிடிப்பது, முற்றத்தை யார் கழுவுவது, மோட்டார் கெட்டால் யாரிடம் சொல்வது என எல்லாவற்றுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருந்தார். அவரைத் திட்டிக்கொண்டாவது காரியம் நடந்தது. அடுக்ககம் என்பது படுத்திருந்த வளவை நிமிர்த்தி வைத்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: இங்கே வீட்டுக்காரர் கிடையாது. குடியிருக்கும் பத்துப் பேரும் சேர்ந்தால்தான் ஒரு வீட்டுக்காரர்.

வடகரைக்கு ஏன் இந்தக் கிராக்கி

பழைய நகரத்துக்குள் மாடி மேல் மாடி வளர வழியில்லை. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழும்பக் கூடாது என்பது விதி. கோபுரங்களை மறைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அதனால் அடுக்கு வீடுகள் வைகையின் வடகரைக்கு நகர்ந்தன. தல்லாகுளம், சொக்கிகுளம் பக்கம் பெரிய தோட்டத்து வீடுகள் கைமாறி ஃபிளாட்டுகள் ஆயின. கலெக்டர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், பெரிய மருத்துவமனைகள், பள்ளிகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். 2004 ஜூலை 24 அன்று மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கியதும், நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வழக்குக்கு வந்துபோகும் வக்கீல்களுக்கு மதுரையில் ஒரு சின்ன வீடு தேவைப்பட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வந்துவிடும் முதிய தம்பதிகளும் ஒற்றைப் படுக்கையறையே போதும் என்கிறார்கள்.

நல்ல பேட்டையில் புதிதாகச் சின்ன வீடு கட்டுகிறவர் குறைவு. இடத்தின் விலைக்குக் கட்டுநர்கள் இரண்டு, மூன்று படுக்கையறையாகவே கட்டுகிறார்கள். எனவே ஒற்றைப் படுக்கையறை வேண்டுமென்றால் பழைய கட்டிடம்தான் கதி. பழையதை வாங்கி, நாலைந்து லட்சம் செலவழித்து மினுக்கி, விலையேற்றி விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அதில் தப்பொன்றும் இல்லை. வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்திரத்தில் இருக்கும் மண்

ஃபிளாட் வாங்குகிறவர் சட்டப்படி வாங்குவது இரண்டு பொருள். ஒன்று வீடு. இன்னொன்று, அந்தக் கட்டிடம் நிற்கும் மனையில் பிரிக்கப்படாத பாகம், புழக்கத்தில் 'யு.டி.எஸ்.' என்பார்கள். கட்டிடத்துக்கு வயசாகும், மதிப்புத் தேயும். மண்ணுக்கு அப்படியில்லை. முப்பது வருடப் பழைய ஃபிளாட்டுக்கு இன்றும் நல்ல விலை கிடைக்கிறதென்றால், அந்த விலையைத் தாங்குவது டைல்ஸ் அல்ல, இந்தப் பாகம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து சென்ட் மனை. அதாவது 4,356 சதுர அடி. அதில் பத்து வீடு: 600 சதுர அடியில் நான்கு, 800 சதுர அடியில் ஆறு. மொத்தம் 7,200 சதுர அடி. 600 சதுர அடி வீட்டுக்கு வரவேண்டிய பாகம் 4,356-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு, 363 சதுர அடி. முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். விற்பவர் கையிலுள்ள பத்திரத்தில் இந்த அளவு வருகிறதா என்று பாருங்கள். 250 என்று எழுதியிருந்தால், மீதி 113 சதுர அடி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கட்டியவர் பின்னாளில் இன்னொரு மாடி எழுப்பும் எண்ணத்தில் கொஞ்சம் பாகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். பத்துப் பத்திரங்களிலும் எழுதிய பாகங்களைக் கூட்டினால் 4,356 வரவேண்டும். வராவிட்டால் அந்த வளவில் முகம் தெரியாத பங்காளி ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

பழைய ஃபிளாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் வெகுகாலம் வரை மண்ணின் பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், வீடு கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என இரண்டாகவே எழுதினார்கள். எந்த மாடி, எந்தக் கதவு எண், எத்தனை சதுர அடி என்பதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். இரண்டு கை மாறிய வீட்டில் அந்தத் தாள் தொலைந்துபோயிருக்கும். பத்திரத்தைப் படித்தால் மண் மட்டும் தெரியும், வீடு தெரியாது. ஆகவே தாய்ப்பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் அந்தக் கட்டுமான ஒப்பந்தத்தையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். மொட்டை மாடியில் பின்னால் எழுப்பிய அறை, அடைத்துக் கட்டிய பால்கனி ஆகியவை வரைபடத்தில் இருக்காது. இல்லாததற்கு விலை கொடுக்கக் கூடாது.

டேப் பிடித்துப் பாருங்கள்

'600 சதுர அடி' என்பது விற்பனைக்குச் சொல்லும் அளவு. அதில் வெளிச்சுவரின் கனம், படிக்கட்டில் ஒரு பங்கு, லிஃப்ட் இருந்தால் அதில் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்திருக்கும். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்ற அளவை வரையறுத்தது: வீட்டுக்குள் புழங்கும் தரை, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் உட்பட. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது. புதுத் திட்டங்களில் இந்த அளவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பழைய ஃபிளாட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது அதை யாரும் சொல்லப் போவதில்லை. நாமேதான் டேப் பிடிக்க வேண்டும்.

ஹால் 15-க்கு 11, படுக்கையறை 12-க்கு 10, சமையலறை 8-க்கு 8, குளியலறை 7-க்கு 5, நடைவழி ஒரு 20. கூட்டினால் 404 சதுர அடி. உள்சுவர்களைச் சேர்த்தாலும் 430-ஐத் தாண்டாது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, பழக்கம் அப்படி. ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிடுகிறவர் இரண்டுக்கும் இந்த உள்ளளவை வைத்தே விலையை வகுத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எது மலிவு என்று தெரியும்.

மினுக்கலுக்கு அடியில்

இனி டைல்ஸுக்கு வருவோம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரையில் அங்கங்கே தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் அடியில் கலவை நிரம்பியிருக்கிறது. 'டொக்' என்று கூடாகக் கேட்டால் வெற்றிடம். அந்த டைல் சீக்கிரம் கிளம்பும். கதவின் அடிப்பாகத்தைப் பாருங்கள். புதிதாக அறுத்த தடம் இருந்தால், பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே டைல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். குளியலறையில் அப்படிச் செய்திருந்தால் கவலைப்பட வேண்டும். பழைய தரைக்கு அடியிலிருந்த ஒழுக்கு அப்படியே இருக்கும்; அது உங்கள் வீட்டில் தெரியாது, கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் தெரியும். வீடு வாங்கிய மாதமே அவர் வந்து கதவைத் தட்டுவார். ஆகவே வாங்குமுன் நீங்கள் போய் அவர் கதவைத் தட்டிவிடுங்கள். "உங்கள் பாத்ரூம் சீலிங்கை ஒரு நிமிஷம் பார்க்கலாமா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஃபால்ஸ் சீலிங் அழகுக்கும் போடுவார்கள், மறைக்கவும் போடுவார்கள். காங்கிரீட்டுக்குள் ஈரம் புகுந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருக்கும்; பருத்த கம்பி காங்கிரீட்டைத் தள்ளும்; பூச்சு பாளம் பாளமாக உதிரும். பழைய கட்டிடங்களின் மேல்மாடிகளில் இது சாதாரணமாக வரும் நோய். விளக்கு மாட்டிய ஓட்டை ஒன்றைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

மேல்மாடி என்றால் இன்னொரு விஷயம். மதுரை வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி பதினொரு மணிவரை வீட்டுக்குள் அனல் விடும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருக்கிறதா, ஓட்டுக்கு ஓடு இடையில் பூசிய கலவை விட்டிருக்கிறதா, மழைநீர் தேங்கிய பாசித்தடம் உண்டா என்று ஏறிப் பார்க்க வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் புதிய பெயிண்ட்டுக்கு மேலேயே உப்புப் பூத்திருந்தால் ஓதம் இன்னும் ஆறவில்லை. பெயிண்ட் ஓதத்தை ஆறு மாதம் மறைக்கும், அதற்கு மேல் மறைக்காது.

குழாயும் வயரும் சுவருக்குள் இருப்பதால் கண்ணுக்குப் படாது. பழைய இரும்புக் குழாய்களை மாற்றினார்களா, அல்லது நுனியில் புதுக் குழாய்த்தலை மட்டும் மாட்டினார்களா என்று கேளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் பழைய குழாயின் உள்விட்டம் சுண்ணாம்பு படிந்து சுருங்கியிருக்கும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் குட்டு வெளிப்படும். ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடித்திருந்தால், இடித்தது வெறும் தடுப்புச் சுவரா, பாரம் தாங்கும் சுவரா என்பதை ஒரு பொறியாளரை அழைத்துப் பார்த்துவிடுவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் புரோக்கர் கமிஷனில் ஒரு துளிதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரியல் எஸ்டேட் சட்டப்படி, புது வீட்டில் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முப்பது வருடக் கட்டிடத்தில் ஒரு வீட்டை மினுக்கி விற்பவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. சாவி கைமாறியதோடு குறையும் கைமாறிவிடும்.

பத்துப் பேர் சேர்ந்த வீட்டுக்காரர்

இனிதான் முக்கியமான பகுதி. பம்பாயில் ஃபிளாட் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிறார். மண்ணும் கட்டிடமும் சங்கத்தின் பெயரில் இருக்கும். உறுப்பினருக்குப் பங்குச் சான்றிதழும் தன் வீட்டில் வாழும் உரிமையும் உண்டு. காம்தேவியில் 1915-ல் தொடங்கிய சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் முதல் அங்கே இதுதான் வழி. நியூயார்க்கின் 'கோ-ஆப்' வீடுகளிலும் வாங்குபவர் வீட்டை வாங்குவதில்லை, கட்டிடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை வாங்குகிறார். ஏற்கெனவே குடியிருப்பவர்களின் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்து, வரவு செலவைப் பார்த்து, பிடித்தால்தான் உள்ளே விடும்.

தமிழ்நாட்டில் 'கூட்டுறவு வீட்டுவசதி' என்றால் நமக்கு நினைவு வருவது கடன் கொடுக்கும் சங்கம், அல்லது ஊழியர்கள் சேர்ந்து மனை வாங்கிப் பிரித்துக்கொண்ட காலனி. கடைசியில் வீடு தனித்தனிப் பத்திரமாக அவரவர் பெயருக்கே வந்துவிடும். ஃபிளாட்டிலும் அப்படித்தான்: என் வீடு, என் பத்திரம், யாரிடமும் அனுமதி கேட்காமல் விற்பேன். இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. மண் கூட்டாக இருக்கிறது, கூரை கூட்டாக இருக்கிறது, சம்ப்பும் மோட்டாரும் கூட்டாக இருக்கின்றன. பொறுப்பு மட்டும் கூட்டாக இல்லை.

இதன் விளைவை எந்தப் பழைய அடுக்ககத்திலும் பார்க்கலாம். மொட்டை மாடி ஒழுகுகிறது. மூன்றாம் மாடிக்காரர் செலவைப் பகிரச் சொல்கிறார். "எங்களுக்கு ஒழுகலியே" என்கிறார் தரைத்தளத்துக்காரர். சட்டத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அதன் பழுதும் எல்லோருக்கும் பொது. ஒழுகாத வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. திறந்தவெளி கார் நிறுத்தமும் அப்படியே பொது. இதைச் சொல்லி வசூலிக்க ஒரு சங்கம் வேண்டும். 1994-ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டம் இருந்தும் பல கட்டிடங்களில் சங்கம் பெயரளவில்தான் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. சங்கத்துக்கு வலு சேர்த்ததோடு, இன்னொரு பெரிய மாற்றத்தையும் அது செய்தது: பழுதான கட்டிடத்தை இடித்து மறுபடி கட்ட வேண்டுமென்றால் முன்பு அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும்.

ஒற்றைப் படுக்கையறை வாங்குகிறவருக்கு இதில் நன்மையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. முப்பது வயதுக் கட்டிடம் இன்னும் பதினைந்து வருடத்தில் இடிபடலாம். அன்றைக்கு உங்கள் புது டைல்ஸுக்கு ஒரு பைசா வராது. உங்கள் பங்கைப் பேசித் தீர்க்கும்போது முன்னால் வைக்கும் தாள் அந்த 363 சதுர அடிதான். பத்துப் பேரில் ஏழு பேர் ஒரு பக்கம் சேர்ந்தால், நீங்கள் வேண்டாமென்றாலும் இடிப்பு நடக்கும்.

அதனால் சங்கத்தின் கணக்கு நோட்டைக் கேட்டுப் பாருங்கள். மாதப் பராமரிப்பு எவ்வளவு, யார் பாக்கி வைத்திருக்கிறார், விற்பவர் பாக்கி எவ்வளவு, பெயிண்ட் அடிக்கவும் மோட்டார் மாற்றவும் சேர்த்துவைத்த பணம் எவ்வளவு. நோட்டே இல்லையென்றால், கட்டிடத்தை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். காவலாளியிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று அவர் சொல்வார். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர் கண்மாய்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை மதுரை மறக்கவில்லை. அன்றைக்கு இந்தக் கட்டிடத்தின் சம்ப்புக்குள் சாக்கடை கலந்ததா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

கைக்காசுக் கணக்கு

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம். பழைய ஃபிளாட்டைப் பதிவு செய்ய முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; மொத்தம் 9. முப்பது லட்சத்துக்கு 2.70 லட்சம். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் வேறு கணக்கு: 50 லட்சம் வரை முத்திரைத்தாள் 4 சதவீதம்தான், கட்டணத்தோடு 6. அதே முப்பது லட்சத்துக்கு 1.80 லட்சம். தொண்ணூறாயிரம் வித்தியாசம். பழையது மலிவு என்று கணக்குப் போடுகிறவர் இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

வீட்டுக்கடனில், 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஆனால் அந்த மதிப்பைச் சொல்பவர் வங்கியின் மதிப்பீட்டாளர். அவர் மண்ணின் பாகத்தையும் கட்டிடத்தின் வயதையும் பார்ப்பார். மாடுலர் கிச்சனைப் பார்த்து மயங்க மாட்டார். விற்பவர் சொல்லும் விலைக்கும் அவர் எழுதும் மதிப்புக்கும் இடையில் உள்ள பணமும் பதிவுச் செலவும் உங்கள் கைக்காசு. சொல்லப்போனால் இந்த வியாபாரத்தில் நமக்குக் கிடைக்கும் நல்ல ஆலோசனை அந்த மதிப்பீட்டாளரின் அறிக்கைதான். கடன் தேவையில்லாதவர்கூட ஒருமுறை அப்படி மதிப்புப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய ஃபிளாட்டே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. நல்ல தெரு, நடந்துபோகும் தூரத்தில் மருத்துவமனை, முகம் பழகிய அக்கம்பக்கம், சின்ன வீடு: வயதானவருக்கும் தனியாக வாழ்பவருக்கும் இதைவிட என்ன வேண்டும்? பார்க்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். அங்கிருந்து இறங்கி மோட்டார் அறை, பிறகு கீழ்வீட்டுக் குளியலறையின் சீலிங், பிறகு சங்கத்தின் நோட்டு, பிறகு பத்திரத்தில் எழுதிய மண்ணின் அளவு. இவ்வளவும் சரியாக இருந்தால், கடைசியாக அந்த வீட்டுக் கதவைத் திறந்து டைல்ஸைப் பாருங்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, டைல்ஸை மாற்றிக்கொள்ளலாம்.